ஒன்றாம் எண் குழந்தையின் நிறம்

ஒன்றாம் எண் குழந்தைக்கு ஒரு நோயும் கிடையாது. நோயில்லாத குழந்தை எப்படி இருக்கும் என்று காட்டத்தான் அதைச் செய்திருந்தார்கள். மற்ற எட்டுக் குழந்தைகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நர்ஸ் படிக்கிற பிள்ளைகள் காமாலையைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும். அந்தக் குழந்தையைப் பார்த்து ஸ்டெல்லா சிஸ்டர் கேட்டார், "இதுக்குக் காமாலை எத்தனை நாளாம்மா இருக்கு?" கேட்டுவிட்டுத் தன் டேப் திரையில் குழந்தையின் நெற்றியை இன்னொரு தரம் விரலால் அழுத்திப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், நாலு மணிக்குத் திரும்பக் கூப்பிடுகிறேன், என்னவென்று பார்த்துவை என்று சொல்லிவிட்டு வீடியோ அழைப்பைத் துண்டித்துவிட்டார். இப்போது மணி இரண்டரை. எத்தனை நாளாம்மா இருக்கு. சாந்தாமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் யாரையாவது ஏதாவது சொல்லிவிடுவாள் என்று அவளுக்கே தெரிந்தது. கீழே அவினாசி சாலையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முகம் தெரியாத அந்த டிரைவர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. ஏசி போட்ட அறையில் காது மட்டும் சுட்டது. ஒன்றரை மாதம் ஒரு குழந்தையின் நெற்றியையும் மூக்கையும் பாதத்தையும் மயிரிழை மயிரிழையாகத் தீட்டியவளிடம், அந்த நெற்றியைக் காட்டி, எத்தனை நாளாம்மா இருக்கு என்று ஒருத்தர் கேட்கிறார். அப்படியானால் ஒன்றரை மாதமாக இவள் செய்தது என்ன.

கோயம்புத்தூரில் இந்த ஸ்டூடியோவுக்கு வந்த வேலைகளிலேயே இது ஒன்றைத்தான் சாந்தாமணி தானாகக் கேட்டு வாங்கினாள். மற்றதெல்லாம் விளம்பரத்துக்குப் பல் தேய்க்கிற கரடி, கேமுக்குக் கல் கோட்டை. இது அப்படியில்லை. பிறந்து சில நாளான குழந்தைகள் ஒன்பது. கம்ப்யூட்டரிலேயே களிமண்ணைப் பிசைவதுபோல ஒருவன் உருவம் செய்து கொடுப்பான். அதன் தோலுக்கு நிறம் தீட்டுவது இவள் வேலை. படிக்கிற பெண் டேப்பில் குழந்தையின் நெற்றியில் விரலை வைத்து அழுத்தி எடுத்தால், அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்கு ரத்தச் சிவப்பு விலகி, அடியில் இருக்கிற நிறம் தெரியும். அங்கே மஞ்சள் இருந்தால் காமாலை. முகத்தோடு நின்றால் அவ்வளவு பயமில்லை. நெஞ்சுக்கு வந்தால் கவனம். வயிறு, தொடை என்று இறங்கிப் பாதத்தைத் தொட்டுவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பாடப் புத்தகத்தில் இருக்கிற படங்களெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகள். அவற்றின் மேல் மஞ்சள் பளிச்சென்று தெரியும், கண் தெரியாதவனுக்கும் தெரியும். நம் ஊர்க் குழந்தைகள், மாநிறமும் கறுப்புமாக, அவற்றின் மேல் தெரிய வேண்டும், அதற்குத்தான் முப்பது வருஷம் பிரசவ வார்டில் இருந்த ஸ்டெல்லா சிஸ்டர் இந்த ஒன்பது குழந்தைகளைக் கேட்டார். பதினெட்டாம் தேதி முதல் வகுப்பு. இன்றைக்கு ஒன்பது. நிறம் தப்பாக இருந்தால் அந்தப் பெண்கள் தப்பாகவே கற்றுக்கொண்டு வார்டுக்குப் போவார்கள், தப்பான கண்ணோடு ஒரு தொட்டிலைக் குனிந்து பார்ப்பார்கள், ஒன்றுமில்லை என்று சொல்வார்கள். ஒன்றுமில்லை. அந்தச் சொல் வந்ததும் சாந்தாமணி பல்லைக் கடித்தாள். அந்தச் சொல்லை இப்போது நினைக்க வேண்டாம். இப்போது நவநீதன்.

நவநீதன்தான் தொட்டிருக்க வேண்டும். வேறு யார். முப்பத்திரண்டு வயதில் அவன் டீம் லீடர், நாற்பத்திரண்டில் இவள் அவனுக்குக் கீழே, அதுபற்றி இவளுக்கு ஒன்றுமில்லை, நல்ல பையன்தான், ஆனால் கைக்கு அரிப்பு. ஆள் தீட்டிக் கொடுத்ததை வாடிக்கையாளருக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஓரமாகக் கொஞ்சம் தட்டிவிடுவான். போன வருஷம் ஒரு மாம்பழத்தை அப்படித் தட்டிவிட்டு அது பரங்கிக்காய் மாதிரி ஆகி, வாடிக்கையாளர் கூப்பிட்டுக் கத்தினார். கேட்டால், பளிச்சுன்னு இருக்கட்டும்னுதானுங்கக்கா. பளிச்சுன்னு. குழந்தையின் உயிர் மாம்பழமா. "நவநீதா, இங்க வா" என்றாள். அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தான். "சொல்லுங்கக்கா." "ஒன்னாம் நம்பர்ல கைய வச்சியா?" "இல்லீங்கக்கா." "உள்ளதச் சொல்லு." "உள்ளதத்தானுங்க சொல்றேன். நீங்க குடுத்தத அப்படியே ஏத்துனேன். என் ஃபைல்ல கைய வச்சீன்னா கைய முறிச்சுப்போடுவேன்னு நீங்கதான சொன்னீங்க. அடுத்த மாசம் கல்யாணம் வச்சிருக்குது, மோதிரம் போடக் கை வேணுமுங்களே." பின்னால் யாரோ சிரித்தார்கள். சாந்தாமணி சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவன் மூக்கைத் தொடுவான், தொடவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. அவன் பொய் சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபம். "நேத்து ஆப்ல ஏத்திப் பாத்தபோது உனக்கு ஒன்னும் தோணலையா?" "கொஞ்சம் மஞ்சளாத்தான் தோணுச்சுங்க. சரி, அக்கா பண்ணுனது, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." "போ" என்றாள். அவன் போனான். போகும்போது திரும்பி ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல் போனான். முன்பும் ஒருநாள் இதே மாதிரி வந்து நின்றான். மூன்று வாரம் இருக்கும், அல்லது அதற்கும் முன்னால். ஏதோ கேட்டான். என்ன கேட்டான்.

அக்கா பண்ணுனது சரியாத்தான் இருக்கும். இருக்கும்தான். அவள் கண் அப்படிப்பட்ட கண். திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் பன்னிரண்டு வருஷம் ஷேடு பார்த்த கண். வெளிநாட்டிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு துண்டுத் துணி வரும்; அதே நிறத்தில் இரண்டு டன் நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். உள்ளே சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டி இருக்கும், லைட் பாக்ஸ் என்பார்கள், அதற்குள் இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சம் ஒன்று, கடை வெளிச்சம் ஒன்று, வீட்டுக் குண்டு பல்பு ஒன்று. ஒரு விளக்கில் அண்ணன் தம்பிபோல இருக்கிற இரண்டு நீலம் அடுத்த விளக்கில் யாரோ எவரோ ஆகிவிடும். எந்த வெளிச்சத்தில் பார்த்தாய் என்பதுதான் லேபில் முதல் கேள்வி. பெட்டி இல்லாமல் மேஜையில் வைத்தே பார்த்துவிட்டு ஓகே என்று சொன்ன ஒருவனை மேனேஜர் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பினார். சாந்தாமணி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மெஷின் சரி என்று எண் காட்டிய ஷேடை இவள் இல்லை என்று திருப்பியிருக்கிறாள், மெஷினைக் கழற்றிப் பார்த்தால் லென்ஸில் நூல் தூசி. என் கண்ணே மீட்டர் என்று சொல்வாள். இங்கேயும் வந்த புதிதில் சொன்னாள். எண்ணைப் பார்த்து நிறம் போடுகிற பிள்ளைகளிடம், எண்ணைப் பார்த்தா சமைக்கறீங்க, நாக்குல வச்சுப் பாக்கறதில்லையா என்று கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள். மரியாதையாகத்தான் சிரித்தார்கள்.

சரி, பார்த்துவிடலாம். ஒன்றாம் எண் ஃபைலைத் திறந்தாள். குழந்தை வந்தது. கண்ணை மூடி, இடது கையை மடக்கிக் கன்னத்துக்குக் கொடுத்து, வாய் கொஞ்சம் திறந்து. பக்கத்தில் சிஸ்டர் அனுப்பிய புகைப்படம், பகல் வெளிச்சத்தில் எடுத்தது, இரண்டாம் நாள் குழந்தை, ரத்தப் பரிசோதனை செய்து நோயில்லை என்று உறுதியானது. இதையும் அதையும் பார்த்தாள். நெற்றிக்கு நெற்றி, மூக்குக்கு மூக்கு. அதே நிறம். இரண்டாகப் பிளந்து வைத்த மாதிரி அதே கறுஞ்சிவப்பு. எங்கே மஞ்சள். சிஸ்டருக்கு வயசாகிவிட்டது, கண்ணில் புரை இருக்கும், புரை வந்தால் உலகமே மஞ்சளாகத்தான் தெரியும், தன் கண்ணில் இருக்கிற மஞ்சளை என் குழந்தை மேல் ஏற்றுகிறார். இல்லை, அவருடைய டேப் மட்டமான டேப். சாந்தாமணிக்கு இது பிடித்திருந்தது. ஆபீஸ் டேப்பை எடுத்துவந்து, திரையின் வெளிச்சத்தைச் சரிசெய்து, ஆப்பைத் திறந்து, ஒன்றாம் எண்ணை எடுத்தாள். மஞ்சள். கம்ப்யூட்டரில் கறுஞ்சிவப்பு, கையில் இருக்கிற டேப்பில் வேப்பம்பழம்போல மஞ்சள். விரலை வைத்து அழுத்தினாள். வெளுத்தது, அடியில் இன்னும் மஞ்சள். அப்போது போன் அதிர்ந்தது. மகள் இலக்கியா. "என்ன கலர் பாப்பா இன்னிக்கு?" என்று எழுதி ஒரு கொட்டாவி விடும் பொம்மை. பதினேழு வயசு, பாலிடெக்னிக் முதல் வருஷம், வகுப்பில் உட்கார்ந்துகொண்டு போன் நோண்டுகிறாள். அவளும் அவள் சிநேகிதிகளும் சைகையில் எல்லாருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சாந்தாமணிக்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்ப்பது, துணியைத் தேய்த்துப் பார்ப்பதுபோல. அம்மாவை நாலு பேர் நடுவில் அப்படிச் சொல்லி அந்தப் பிள்ளைகள் தோள் குலுங்கச் சிரிக்கும். சத்தம் வராது, சில பேருக்கு வரும், இலக்கியாவுக்கு ஒரு மாதிரி உடைந்த சத்தம் வரும், அது வருவது அவளுக்குத் தெரியாது. சாந்தாமணி போனைக் குப்புற வைத்தாள்.

நினைக்க வேண்டாம் என்றால் அது கேட்கிறதா. இலக்கியா பிறந்த மூன்றாம் நாள் பிற்பகல், இதே நேரம், இரண்டரை மூன்று. திருப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, மாடியில் கடைசி அறை. வயிற்றில் தையல். சுவருக்கு மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்திருந்தது, ஜன்னலில் மஞ்சள் பூப்போட்ட திரை, மேலே ஒரு குண்டு பல்பு. குழந்தையை மெத்தென்ற ஒரு பழைய புடவையில் சுற்றிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நெற்றி ஒரு மாதிரி இருக்கிறது என்று சாந்தாமணிக்குத் தோன்றியது. என்ன மாதிரி என்று சொல்லத் தெரியவில்லை. லேபில் ஒரு ஷேடு தப்பு என்று சொன்னால் எந்தப் பக்கம் தப்பு என்று சொல்ல வேண்டும், சிவப்பு கம்மியா, மஞ்சள் அதிகமா, மங்கலா. அதை அவளால் சொல்ல முடியவில்லை. நர்ஸ் வந்தாள், காய்ச்சல் பார்க்க. "சிஸ்டர், கொழந்தையக் கொஞ்சம் பாருங்க, நெத்தி ஒரு மாதிரி இருக்குதுங்க." அவள் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். "கறுத்த கொழந்தைக்கு அப்படித்தானுங் அம்மிணி தெரியும். ஒன்னுமில்லைங்." "இன்னொருக்கா பாருங்களேன்." "நான் பாக்காத கொழந்தையா?" சொல்லிக்கொண்டே காய்ச்சல் சீட்டில் எழுதிக்கொண்டு போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது. ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை, எழுப்பினால் எழவில்லை, எழுந்தபோது முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கீச்சென்று அழுதது. பெரிய ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழே போட்டார்கள், ரத்தத்தை மாற்றினார்கள், உயிர் வந்தது, காது போய்விட்டது. ஒன்னுமில்லைங். பதினேழு வருஷமாக அந்த நர்ஸின் முகம் மறந்துவிட்டது, குரல் மறக்கவில்லை, சீட்டில் பேனா கிறுக்கிய சத்தம் மறக்கவில்லை. எங்கேயாவது பார்த்தால் என்ன செய்வாள் என்று பஸ்ஸில் போகும்போது யோசிப்பாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு செய்வாள். ஆனால் அந்த யோசனையின் ஓரத்தில் எப்போதும் அந்த ஜன்னல் இருக்கும். படுக்கையிலிருந்து நாலு எட்டு. திரையை விலக்கினால் பகல் வெளிச்சம். ஒரு முழம் துணிக்கு மூன்று விளக்கு மாற்றிப் பார்க்கிறவள், தன் குழந்தையை மஞ்சள் சுவருக்கும் மஞ்சள் பல்புக்கும் நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு, நர்ஸ் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். தையல் வலித்தது. வலிக்கட்டுமே. நாலு எட்டு.

மெட்டீரியல். திடீரென்று அந்தச் சொல் வந்தது, யாரோ பக்கத்திலிருந்து சொன்ன மாதிரி. மூன்று வாரத்துக்கு முன்னால் நவநீதன் வந்து நின்று கேட்டது அதுதான். "மெட்டீரியல் மாத்தீட்டுத்தானுங்கக்கா தீட்டறீங்க?" அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள், "எனக்குச் சொல்லித் தர்றியா?" "இல்லீங்க, சும்மா கேட்டேன்." "சும்மா கேக்கறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?" போய்விட்டான். அவ்வளவுதான். சாந்தாமணியின் கை மேஜை மேல் அப்படியே நின்றது. இந்த வேலையில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது அது. உருவம் செய்கிறவன் அதன் மேல் ஒரு பூச்சைப் போட்டு வைத்திருப்பான். மெழுகு, களிமண், பித்தளை, எது வேண்டுமானாலும். அதை மெட்டீரியல் என்பார்கள். அது நிறமில்லை, நிறத்தின் மேல் விழுகிற வேஷம். நிறையப் பேர் சிவப்பு மெழுகைத்தான் போட்டுக்கொள்வார்கள், மேடு பள்ளம் நன்றாகத் தெரியும் என்று. சிவப்புக் கண்ணாடித்தாளைப் படத்தின் மேல் போர்த்திய மாதிரி அது. அதைப் போர்த்திக்கொண்டே நிறம் தீட்டினால், தாளின் சிவப்பையும் சேர்த்துத்தான் கண்ணுக்குத் தெரியும். தாளுக்கு அடியில் தீட்டுகிறவள் சிவப்பைக் குறைத்துக்கொண்டே போவாள். ஃபைலை வெளியே அனுப்பும்போது தாள் போகாது. நிறம் மட்டும்தான் போகும். அதனால் தீட்ட உட்காரும் முன்னால் வெறும் வெள்ளையாக மாற்றிக்கொள்ள வேண்டும், அடுப்பை அணைத்துவிட்டு வாசலைப் பூட்டுவதுபோல, யோசிக்காமல் கை செய்ய வேண்டிய காரியம். அவள் இதுவரை நூறு ஃபைலில் செய்திருக்கிறாள். திரையின் இடது ஓரத்தில் மெட்டீரியலைக் காட்டும் சின்ன உருண்டையைப் பார்த்தாள். செங்கல் சிவப்பு. ஒன்றரை மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. பேனாவை அதன் மேல் வைத்து வெள்ளையை எடுத்தாள். குழந்தையின் உடம்பிலிருந்து சிவப்பு ஒரே அடியாக வடிந்துபோனது. மஞ்சள்.

ஐயோ என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். இரண்டாம் எண். சிவப்பு உருண்டை, வெள்ளை, மஞ்சள். மூன்று, நான்கு. எல்லாம் ஒன்றாம் எண்ணை நகலெடுத்து அதன் மேல் தீட்டியவை, எல்லாவற்றிலும் அதே மெழுகு. சிஸ்டர் பார்த்துப் பார்த்துச் சரி சொன்ன படங்களெல்லாம் இந்தத் திரையிலிருந்து எடுத்தவை, மெழுகோடு. அசல் குழந்தை மாதிரியே இருக்கும்மா என்றார், அசல் குழந்தைதான், என் கண் ஒரு மயிரிழை தப்பவில்லை, தப்பான ஒன்றின் மேல் மயிரிழை தப்பாமல் தீட்டியிருக்கிறது. எப்படி மறந்தாள். யோசிக்க வேண்டியதே இல்லை, தெரியும். ஃபைலை முதன்முதலில் திறந்த அன்று, நிறமே தீட்டாத அந்தக் குழந்தை மெழுகுச் சிவப்பில் வந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. பிறந்த முதல் நாள் இலக்கியா அந்த நிறத்தில்தான் இருந்தாள், சிவப்பு ஓடிய கறுப்பு, காமாலை வருவதற்கு முந்தின நிறம். அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. பிறகு பேனாவை எடுத்தாள். அதை மாற்ற மனசு வரவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. மாற்ற வேண்டும் என்பதே தோன்றவில்லை. சரி. மறந்தது ஒரு தப்பு. மனுஷனுக்கு வரும். ஆனால் ஒருத்தன் வந்து கேட்டானே. மெட்டீரியல் மாத்தீட்டுத்தானுங்கக்கா. தலையைத் தூக்கி இடது ஓரத்தைப் பார்க்க ஒரு விநாடி. சொல்லித் தர்றியா என்றாள். நான் பாக்காத கொழந்தையா. அந்த நர்ஸ் தப்பாகப் பார்த்ததற்காகவா பதினேழு வருஷம் அவளைத் திட்டினாள். தப்பாக யாரும் பார்க்கலாம், மஞ்சள் பல்பு அவளுக்கும் மஞ்சள் பல்புதான். இன்னொருக்கா பாருங்களேன் என்று சொன்ன பிறகு பார்க்கவில்லையே, அதற்குத்தான். அப்படியானால் இவள். இந்த இடத்தில் ஏதாவது இளகும் என்று பார்த்தாள், அந்த நர்ஸ்மேல், தன்மேல், யார்மேலாவது. ஒன்றும் இளகவில்லை. இரண்டு கோபமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன, ஒரே ஷேடில்.

மணி மூன்று ஐம்பது. நவநீதன் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. திரையில் உருண்டை வெள்ளையாக இருப்பதையும் குழந்தை மஞ்சளாக இருப்பதையும் அவன் பார்த்துவிட்டான். அவனுக்குப் புரிய இரண்டு விநாடிகூட ஆகவில்லை. நான் அன்னைக்கே கேட்டேனே என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, ஒன்னும் பயப்படாதீங்க. ஒம்போதுக்கும் ஒரே அளவு செவப்பு ஏத்திவிட்டுர்றேன். பத்து நிமிஷம். சிஸ்டர்கிட்ட டேப்ல கோளாறுன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் தெரியாது" என்றான். "ஏத்திக் காட்டு." அவன் குனிந்து ஒன்றாம் எண்ணில் ஏற்றினான். நெற்றி சரியாக வந்தது, மூக்கு சரி, நெஞ்சு சரி. ஒரு கணம் அவள் மூச்சு சீரானது. பத்து நிமிடம். யாருக்கும் தெரியாது. அவன் கல்யாணத்துக்கு முன்னால் வேலை முடியும், சிஸ்டர் நல்லாயிருக்கும்மா என்பார், ஒன்றரை மாதமும் வீணில்லை. "ஒம்பதுல ஏத்து" என்றாள். ஒன்பதாம் எண்தான் ரொம்ப மோசமான குழந்தை, மஞ்சள் பாதம்வரை இறங்கியது. அவன் ஏற்றினான். அவள் குழந்தையைத் திருப்பி உள்ளங்காலைக் காட்டினாள். ரோஜா நிறம். நல்ல ஆரோக்கியமான பாதம். மெழுகு எல்லா இடத்திலும் ஒரே அளவு சிவப்புக் காட்டுவதில்லை. மடிப்பிலும் நிழலிலும் ஆழமாகவும், வெளிச்சம் படுகிற இடத்தில் ஒன்றுமில்லாத மாதிரியும் காட்டும். பாதத்தை அவள் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி வைத்துத் தீட்டியிருந்தாள். அங்கே சிவப்பை அவள் குறைக்கவே இல்லை. இப்போது அதன் மேலும் ஏற்றினால், சாகக் கிடக்கிற குழந்தையின் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு பெண் ஒன்றுமில்லை என்று சொல்வாள். "எடு" என்றாள். "பாதத்த மட்டும் தனியா..." "எடுன்னு சொன்னேன்." "அக்கா, ஒம்போது நாள்தான் இருக்குது." "எனக்கும் தேதி தெரியும். எடு." எடுத்தான். பிறகு அங்கேயே நின்றான். "நீ அன்னைக்குக் கேட்டியல்ல" என்றாள், திரையைப் பார்த்தபடி. "எதுங்க?" அவனுக்கு நினைவில்லையா, நினைவில்லாத மாதிரி இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூக்கைத் தொட்டான்.

நாலு மணிக்கு சிஸ்டரின் முகம் திரையில் வந்தது. பின்னால் யாரோ டம்ளர் கழுவுகிற சத்தம். "என்னம்மா, பாத்தியா?" சாந்தாமணி சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள், வாயைத் திறந்ததும் வரிசை போய்விட்டது. "நீங்க சொன்னது சரிதானுங்க சிஸ்டர். ஒன்னாம் நம்பருக்கும் காமாலை மாதிரித்தான் இருக்குது. ஒம்போதும் தப்பு. நான்தான் தப்புப் பண்ணீட்டேன்." மெழுகையும் கண்ணாடித்தாளையும் சொன்னாள். முடித்ததும், "பதினெட்டாம் தேதி நாப்பது பொண்ணுங்க வர்றாங்க. பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு" என்றார். "தெரியுங்க." "இத முன்னாடியே யாரும் கவனிக்கலையா?" நவநீதன் பக்கத்தில் அசைந்தான். "ஒருத்தர் கேட்டாருங்க. நான் காதுல போட்டுக்கல." சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் அவர் குரலில் இருந்தது, சத்தமாக இல்லாமல், வார்டில் பழகிய கோபம். "ஏம்மா, இது நெறம் சரியில்லேன்னா தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கிற சேலை இல்ல." இதைப் பதினேழு வருஷமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தவள், தன்னிடம் ஒருவர் அதைச் சொல்லக் கேட்டாள். "தெரியுங்க சிஸ்டர்" என்றாள் மறுபடியும். "ஒரு நாளைக்கு ஒரு கொழந்தையா முடிச்சுத் தர்றேன். ஞாயித்துக்கிழமையும் வருவேன். ஒண்ணு கேக்கணுங்க. நான் சரின்னு சொல்லி அனுப்புவேன். அத நம்பாதீங்க. பகல் வெளிச்சத்துல வச்சு, அந்த போட்டோவப் பக்கத்துல வச்சுட்டு, நீங்க அழுத்திப் பாருங்க. சந்தேகமா இருந்தா எந்நேரம்னாலும் கூப்பிடுங்க." "நான் கூப்பிடாம விடுவேனா?" என்றார் சிஸ்டர். "ஏழாம் நம்பருக்கு மூக்கு அழகா வந்துருக்கு, அத மாத்திப்போடாத." திரை கறுத்தது.

அழைப்பு முடிந்ததும் அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கோபம்தான் இருந்தது, அடுப்பில் வைத்த பாத்திரம் இறக்கிய பிறகும் சுடுவது மாதிரி. எழுந்து போய், வெளி வெளிச்சம் கம்ப்யூட்டரில் விழாதபடி ஜன்னல் திரையை இறுக்கி மூடினாள். அறை விளக்குகளில் ஒன்று மஞ்சளாக இருந்தது, அதை அணைக்கச் சொன்னாள், யாரோ முணுமுணுத்தார்கள், திரும்பிப் பார்த்ததும் அணைத்தார்கள். ஒன்றாம் எண்ணைத் திறந்தாள். உருண்டை வெள்ளை. மறுபடி பார்த்தாள், வெள்ளை. பிறகு அதையும் எடுத்துவிட்டு, நிழலே விழாத தட்டைப் பூச்சைப் போட்டாள். குழந்தை குழந்தையாகவே இல்லை, காகிதத்தில் வெட்டி ஒட்டிய மாதிரி, மூக்கு எது கன்னம் எது என்று தெரியாத ஒரு நிறத்திட்டு. பார்க்கப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. புகைப்படத்தில் நெற்றியின் நிறத்தை எடுத்து, அதன் எண்ணைப் பார்த்தாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டாள், அதுவும் கோபமாகவே, பேனா காகிதத்தைக் கீறியது. சிவப்பைத் தொட்டாள். நெற்றியில் வைத்தாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஐந்தரைக்கு முகம் முடிந்தது. முகத்தை மட்டும் டேப்பில் ஏற்றச் சொன்னாள், கையில் வாங்கிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். அவளுக்குச் சரியாக இருந்தது. சரியாகத்தான் இருந்தது. "நவநீதா, வந்து பாரு." "நீங்க பாத்தாச் சரியாத்தானுங்கக்கா இருக்கும்." பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றான். "பாருன்னு சொன்னேன்." அவள் குரலில் அறையே ஒரு தடவை நிமிர்ந்தது. அவன் பையை இறக்கி வைத்துவிட்டு வந்தான். டேப்பை வாங்கி, நெற்றியை அழுத்தினான், கன்னத்தை அழுத்தினான், தாடையை அழுத்தினான், திரும்ப அழுத்தினான். புகைப்படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "சொன்னாத் திட்டுவீங்க." "சொல்லு." "தாடைக்குக் கீழ கொஞ்சம் செவப்பு கம்மியா இருக்கறாப்ல இருக்குதுங்க." இல்லை, அங்கே ஒன்றும் கம்மியில்லை, இவனுக்கு என்ன தெரியும், பரங்கிக்காய்க்காரன். கோபம் வயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கு வந்தது. பக்கத்து நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"எங்க, காட்டு" என்றாள்.